ஒட்டுச்சீட்டுக்கு அடியில் ஒரு குரல்

"குட் மார்னிங்" என்று டோரீன் சொன்னால், போனில் பேசுகிறவர்கள் "குட் மார்னிங் சார்" என்பார்கள். ரெசிடென்சி ரோட்டுப் பக்கம் ஒரு ஓட்டலில் பதினாறு வருடமாக டெலிபோன் ஆபரேட்டர் வேலை. பதினாறு வருடமும் அவள் சார்தான். ஆரம்பத்தில் "சார் இல்லீங்க, மேடம்" என்று திருத்திப் பார்த்தாள். அதற்கு அவர்கள் "ஸாரி சார்" என்றார்கள். அத்தோடு விட்டுவிட்டாள்.

கடவுள் அவளுக்குக் கொடுத்த குரல் அப்படி. கனமான, அடியிலிருந்து எழும்புகிற குரல். வேறு ஊரில், வேறு வீட்டில் பிறந்திருந்தால் அந்தக் குரலைக் கொண்டாடியிருப்பார்களோ என்னவோ. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் தமிழ்ச் சபையின் கொயரில், அதாவது பாடகர் குழுவில், அதற்கு இடம் இல்லை.

1987-ல், இருபத்தொன்பது வயதில், ஆசை ஆசையாகக் கொயரில் சேர்ந்தாள். மூன்றே மாதம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் கொயர் மாஸ்டர் தியோடர் அவளைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனிதர்; தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர் என்பதால் எதையும் நறுக்கென்று சொல்லித்தான் பழக்கம்.

"ஆல்டோல நீ நின்னா, உன் சத்தம் மட்டும் தனியா கேக்குதும்மா. மேல போகும்போது இழுக்குறே. டெனார் ஆம்பளைங்க வரிசை, அங்க நிக்க வைக்க முடியாது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாஸ்டருக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பாட்டுப் புத்தகங்கள் வைத்திருந்த அலமாரியின் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இதப் பாத்துக்க. நீதான் இனிமே கொயர் லைப்ரரியன்."

அன்றே வேலையை ஆரம்பித்தாள். வீட்டுக்குப் போய் அழுவதைவிட அது மேல் என்று பட்டது. அலமாரியில் இருந்த நாற்பத்திரண்டு புத்தகங்களையும் தூசி தட்டி, மைதா பசை காய்ச்சி, ஒவ்வொன்றின் அட்டையிலும் தலைப்புக்குக் கீழே ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டி, முத்து முத்தாக எண் எழுதினாள். சபையில் எல்லாப் புத்தகத்துக்கும் அட்டையில் சீட்டு ஒட்டுவதுதான் வழக்கம். அந்தச் சீட்டுகளில் ஒன்று தன் வாழ்க்கையையே மூடி ஒட்டப்படுகிறது என்று அந்தப் பாவிக்கு அப்போது தெரியாது.

எண் முப்பத்தேழு, சபையின் பொக்கிஷம். இத்தாலி தேசத்தில் நானூறு வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் இயற்றிய எருசலேம் புலம்பல். வெள்ளைக்காரப் பட்டாளத்துப் போதகர் ஒருவர் விட்டுப்போன லண்டன் அச்சு. வருஷத்துக்கு ஒரே நாள், பெரிய வெள்ளியன்று மத்தியானம், துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் கொயர் அதைப் பாடும். அங்கே பாடகர்களுக்கு ஐந்து கோட்டில் எழுதிய ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாது. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து எல்லோரும் சால்ஃபாதான். டோ, ரே, மி என்று எழுத்தாக எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார்கள். அந்த லண்டன் புத்தகத்தில் சால்ஃபா எழுத்துகள் இருந்தன. அதனால்தான் அது பிழைத்தது.

பெண்களில் சோப்ரானோ, அதற்குக் கீழே ஆல்டோ, ஆண்களில் டெனார், அதற்குக் கீழே பேஸ் என்று நான்கு வரிசையும் பாடுவதை டோரீன் வருஷா வருஷம் அலமாரி இருந்த பக்கத்து அறையான வெஸ்ட்ரியின் வாசலில் நின்று கேட்பாள். கேட்கக் கேட்க ஒரு சந்தேகம் அவளை அரித்தது. அளவுக் கோடுகள் பாட்டைப் பிரிக்கும் கட்டங்களில் பன்னிரண்டாவதில் நான்கு வரிசையும் ஒன்றாக மூச்சு வாங்க நிற்கும். அந்த இடம் காலியாக இருந்தது. சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி. யாரோ வாயைத் திறந்து, பேசாமலே போன மாதிரி.

"உனக்குப் பிரமைம்மா" என்றார் மாஸ்டர். மற்றவர்கள் சிரித்தார்கள்.

1999 பிப்ரவரி. கொயர்த் தாள்கள் கிழிந்துபோனதால் புதிதாகப் பிரதி எடுக்க வேண்டியிருந்தது. டோரீன் முப்பத்தேழாம் எண்ணை வெளியே எடுத்தாள். அவள் ஒட்டிய சீட்டின் பசையை ராமபாணப் பூச்சி தின்று தீர்த்திருந்தது. ஓரத்தில் தொட்டதும் சீட்டு அப்படியே கையோடு வந்தது. அதன் அடியில், தலைப்புக்குக் கீழே, பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி.

'ஐந்து குரல்களுக்கு எழுதப்பட்டது. இப்பதிப்பில் நான்கு குரல்களுக்குச் சுருக்கப்பட்டுள்ளது.'

டோரீன் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருடம்! தன் கையால் பசை காய்ச்சி, தன் கையால் ஒட்டி மூடிய வரி! இந்தப் பாட்டில் ஒருவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். அவளைத் தள்ளிய மாதிரியே.

மாஸ்டரிடம் ஓடினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அந்த வரியைப் படித்தார்.

"இருந்துட்டுப் போகட்டும். நம்மகிட்ட பெஞ்சு நாலுதான."

"அஞ்சாவது குரல் எங்கயோ இருக்கு மாஸ்டர். யாராவது அச்சடிச்சிருப்பாங்க."

"அப்படின்னா கொண்டா. அச்சுல காட்டு. 'காதுல கேக்குது'ன்னு கதை சொல்லாத. அடுத்த வருஷம் பெரிய வெள்ளிக்குள்ள கொண்டு வந்தா, அஞ்சாவது பெஞ்சு நானே தூக்கிப் போடறேன்."

விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ. அவள் அதை எழுதிக் கையெழுத்துப் போட்ட வாக்காக எடுத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் அசோகன் சிட்டி பஸ் கண்டக்டர். காதல் கல்யாணம். அவன் சபைக்கு வருகிறவன் இல்லை, ஆனால் மனைவியை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போகிறவன். தொம்மலூரில் இருந்த அவர்கள் வீட்டில் அன்று இரவு சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னாள்.

"நானூறு வருஷத்துப் பாட்டா? நம்ம டிப்போல அதவிடப் பழைய வண்டிங்க ஓடுது. வா, தேடலாம்" என்றான்.

ஞாயிறு தோறும் தேடினார்கள். அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் பியானோ பாடப் புத்தகங்கள் மலையாகக் கிடந்தன, புலம்பல் இல்லை. பிரிகேட் ரோட்டுப் பக்கம் ஒரு இசைக் கடையில், "கல்யாண மார்ச் இருக்கு மேடம், கிறிஸ்துமஸ் பாட்டு இருக்கு. அழுவற பாட்டெல்லாம் யாரு கேக்கறாங்க?" என்றான் கடைக்காரன். சென்னைக்கு எழுதினாள், பதில் இல்லை. லண்டன் கம்பெனிக்கு எழுதினாள். 'அப்பதிப்பு இப்போது அச்சில் இல்லை' என்று நான்கு மாதம் கழித்து ஒரு வரி வந்தது.

"போதும்மா, விட்டுடு" என்று ஆல்டோ வரிசையின் தலைவி ரோசலின் எல்லோர் முன்னாலும் சொன்னாள். "இருக்கறதப் பாடினாலே கடவுளுக்குக் காது வலிக்குது."

டோரீன் விடவில்லை. அக்டோபரில், ஓட்டலில் தங்கியிருந்த ஒரு ஜெர்மன் அம்மாளுக்கு வெளிநாட்டு லைன் போட்டுக் கொடுத்தபோது, மெல்ல விசாரித்தாள். ஊரில் இருக்கும் ஜெர்மன் நூலகத்தில் கேட்டுப் பார்க்கச் சொன்னார் அந்த அம்மாள். அடுத்த வார லீவு நாளில் போய் நின்றாள். இரும்பு அலமாரியின் கடைசித் தட்டில், தலையணை அளவில், அந்த இத்தாலியரின் பாடல்கள் மொத்தமும் இருந்தன. இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் புலம்பல். ஐந்து வரிகள்!

வெளியே எடுத்துப்போக அனுமதி இல்லை. ஆறு பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக் கொடுத்தார்கள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மாஸ்டர் ஒரு பார்வை பார்த்தார். "என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி இருக்கு? ஒவ்வொரு வரிக்கும் முன்னால ஒவ்வொரு கொக்கி. அளவுக் கோடே ஒழுங்கா காணோம். யாரு படிக்கிறது?"

அவர் சொன்னது நியாயம்தான். ஸ்டாஃப் நொட்டேஷன் கொஞ்சம் தெரிந்த மாஸ்டருக்கே அந்தப் பழங்காலக் கொக்கிகள் புரியவில்லை. எந்தக் கோடு எந்தச் சுரம் என்று சொல்கிற அடையாளமே அந்தக் கொக்கிதான். அது தெரியாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் புள்ளி.

ஓட்டல் வரவேற்பில் இருந்த வீணாதான் வேறு வழி காட்டினாள். "அக்கா, இன்டர்நெட்ல தேடலாமா? கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல பிரௌசிங் சென்டர் திறந்திருக்காங்க. நம்ம ஓட்டல்ல கேஷியரா இருந்த கிருஷ்ணப்பா அங்கிளோடதுதான்."

2000 ஜனவரியில், மத்தியான ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன், இருவரும் போய் உட்கார்ந்தார்கள். திரையில் ஒவ்வொரு பக்கமும் மெதுமெதுவாக, மேலிருந்து திரைச்சீலை இறங்குவது போல வந்தது. எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒரு இசைப் பிரியர், புலம்பலை ஐந்து குரலோடும் கம்ப்யூட்டரில் அடித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தார். கருப்பாக, பளிச்சென்று, அளவுக் கோடு எல்லாம் ஒழுங்காக.

"சிக்கிட்டான் பாருங்கக்கா!" என்று வீணா கை தட்டினாள்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டியதும் மாஸ்டருக்குப் பரம சந்தோஷம். தாளை மூக்கருகே வைத்துப் பார்த்தார். "இது அச்சு. கோடு போட்ட மாதிரி. ஜெயிச்சிட்டேம்மா டோரீன்!" இரண்டே நாளில் அதை சால்ஃபாவில் எழுதிவிட்டார். அடுத்த சனிக்கிழமை ஐந்தாவது பெஞ்சும் வந்தது.

டோரீன் அன்று ஊதா நிறப் புடவை கட்டிக்கொண்டு போனாள். மாஸ்டர் கையில் தாளோடு வரிசைகளைப் பார்த்தார். கம்ப்யூட்டர் பதிப்பைப் போட்டவர் பாட்டு முழுவதையும் மேல் சுருதிக்குத் தூக்கி வைத்திருந்தார். ஐந்தாவது குரலும் உயரத்தில் நின்றது.

"அஞ்சாவது ஆல்டோவுக்கு ஏத்த மாதிரி இருக்கு. ரோசலின், நீயும் இன்னொருத்தரும் இங்க வந்து நில்லுங்க. டோரீன், நீ எல்லாருக்கும் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துடும்மா."

ஒரு வருடம் தேடியவள் அவள். அச்சைக் கொண்டுவந்து வைத்தவள் அவள். நாற்காலி போட்டதும் அதில் போய் உட்கார்ந்தவள் ரோசலின்! டோரீன் தாள்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஜெராக்ஸ் கடை இயந்திரத்தின் பச்சை வெளிச்சம் முகத்தில் வந்து வந்து போனது. முப்பது பிரதி. ஒரு சொட்டுக் கண்ணீர்கூடத் தாளில் விழாமல் பார்த்துக்கொண்டாள். ஈரம் பட்டால் மாஸ்டர் எழுதிய மை கரைந்துவிடும்.

இரண்டு வாரம் பயிற்சி நடந்தது. வழக்கம்போல வெஸ்ட்ரி வாசலில் நின்று கேட்டாள். ஐந்து குரலும் எழுந்தன. ஒன்பது, பத்து, பதினொன்று... பன்னிரண்டு.

காலி.

ஐந்து வரிசையும் சேர்ந்தே மூச்சு வாங்கின. அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வந்து, ஜெர்மன் நகலையும் கம்ப்யூட்டர் தாளையும் லண்டன் புத்தகத்தையும் தரையில் பரப்பினாள். கொக்கி புரியவில்லை என்றால் என்ன? டெனார் வரி அவளுக்கு மனப்பாடம். ஜெர்மன் அச்சில் டெனார் முதல் சுரம் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பார்த்தாள். அது 'லா' என்று அவளுக்குத் தெரியும். அங்கிருந்து மேலே எத்தனை படி, கீழே எத்தனை படி என்று விரல் வைத்து எண்ணினாள். லண்டன்காரர் கை வைத்த சில இடங்கள் தவிர மற்றதெல்லாம் பொருந்தியது. ஐந்தாவது குரலின் வரிக்கு முன்னாலும் அதே கொக்கி, அதே கோட்டில்! தெரிந்த குரலைப் பிடித்துக்கொண்டு தெரியாத குரலைப் படித்து, சால்ஃபாவில் எழுதினாள். ஷிஃப்டுக்குப் போவதற்கு முன், தினமும் நான்கு கட்டம். பஸ்ஸில் மடியில் வைத்துச் சரிபார்த்தாள். சாம்பார் இரண்டு முறை அடிபிடித்தது.

பன்னிரண்டாம் கட்டத்துக்கு வந்த அன்று அசோகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏங்க, இங்க பாருங்க. நாலு பேரும் நிக்கிற எடத்துல இவன் மட்டும் தனியா மூணு சுரம் பாடுறான். கம்ப்யூட்டர்ல அடிச்சவரு அத அடுத்த கட்டத்துக்குத் தள்ளிட்டாரு. எடம் பத்தலன்னு அங்க இருந்த ரெண்டு நெட்டைச் சுரத்தைக் குட்டையாக்கிட்டாரு. அதான் பள்ளம் மூடல."

"அப்போ கம்ப்யூட்டர் ராங் ரூட்டு." அசோகன் அவளைக் கூர்ந்து பார்த்தான். "ஜெர்மன்காரன் புக்குல இந்தக் குரல் எவ்ளோ கீழ போவுது?"

அவள் தலை குனிந்தாள். "என் குரல் எவ்ளோ போகுமோ அவ்ளோ."

"அப்ப ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத டோரி. இது சரின்னு எடுக்கறியா, உனக்கு ஏத்ததுன்னு எடுக்கறியா?"

சுருக்கென்று தைத்தது. அன்று முழுக்க, "குட் மார்னிங் சார்" கேட்ட ஒவ்வொரு முறையும், அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றும்போது முடிவு செய்துவிட்டாள். தான் பாடுவது வேறு, பாட்டு சரியாக இருப்பது வேறு. முதலாவதை அவள் கேட்கப் போவதில்லை. இரண்டாவதை யாருக்கும் விட்டுக் கொடுக்கப் போவதில்லை.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து தவக்காலம் தொடங்கி இரண்டு வாரம் கடந்திருந்தது. பயிற்சியின் நடுவே டோரீன் வாசலிலிருந்து உள்ளே நடந்து வந்தாள். பதின்மூன்று வருடத்தில் அவள் தாண்டாத கோடு அது.

"மாஸ்டர், இந்த அச்சு தப்பு."

எல்லோரும் திரும்பினார்கள். ரோசலின் சிரித்தாள். "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுமா? லைப்ரரியன் அம்மா பண்ண மாட்டாங்களாம்!"

"கம்ப்யூட்டர்ல அடிச்சவரும் மனுஷந்தான்க்கா." டோரீன் ஜெர்மன் நகலையும் தான் எழுதிய தாளையும் மாஸ்டர் முன் வைத்தாள். "ரோசலின் அக்காவே பாடட்டும். என்னைச் சேர்க்கணும்னு நான் கேக்கல. ஆனா இந்த மூணு சுரமும் பன்னிரண்டாம் கட்டத்துல வந்தாகணும். வரலன்னா இந்தப் பாட்ட நாம இன்னும் முழுசாப் பாடலன்னு அர்த்தம்."

மாஸ்டர் அவள் எழுதியதை ஜெர்மன் நகலோடு கோடு கோடாக ஒப்பிட்டார். பிறகு மற்ற நான்கு வரிசையையும் அந்தக் கட்டம் வரை பாடச் சொல்லி, அவர்கள் மூச்சு வாங்கிய இடத்தில் ஆர்மோனியத்தில் அந்த மூன்று சுரத்தை மட்டும் வாசித்தார்.

பேஸ் வரிசையில் யாரோ "ஐயோ ஆண்டவரே" என்றது கேட்டது.

"இதான் சரி" என்றார் மாஸ்டர். "சுருதியையும் அந்தப் புஸ்தகத்துல இருக்கற மாதிரி எறக்குவோம். சோப்ரானோ எல்லாம் ரெண்டு மாசமா கத்திட்டிருக்காங்க. ரோசலின், நீ பாடும்மா."

ரோசலின் ஆரம்பித்தாள். மூன்றாவது சுரத்தில் குரல் வெறும் காற்றாகப் போயிற்று. டெனார் வரிசையிலிருந்து முனியப்பன் முன்வந்தார். சபையில் சேர்ந்த பிறகும் பேரை மாற்றிக்கொள்ளாத நல்ல மனிதர். அடுத்த பக்கத்தில் அந்த வரி மேலே ஏறிய இடத்தில் அவர் குரல் உடைந்து சேவல் மாதிரிக் கூவியது. கொயர் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். "பொம்பளைக்குக் கீழ, ஆம்பளைக்கு மேல. யாருக்கய்யா எழுதி வச்சான் இத?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"டோரீன்" என்றார், நிமிராமல். "நீ பாடிக் காட்டு."

அவள் பாடினாள். டெலிபோனில் சாராகவே இருந்த அந்தக் குரல், பன்னிரண்டாம் கட்டத்தின் காலி இடத்தில் நுழைந்து, மூன்று படியில் கால் வைத்து இறங்கி, நான்கு வரிசையையும் கைபிடித்து அழைத்துக்கொண்டு போயிற்று. கடைசி வரி வரை யாரும் அவளை நிறுத்தவில்லை.

"பதிமூணு வருஷம்" என்றார் மாஸ்டர். ஐந்தாவது பெஞ்சைக் கையால் காட்டினார். ரோசலின்தான் பெஞ்சில் இருந்த தன் கைப்பையை எடுத்துக்கொண்டு நகர்ந்து, "உக்காரு" என்றாள், கொஞ்சம் முறைப்பாகவே.

2000 ஏப்ரல் இருபத்தொன்று, பெரிய வெள்ளி. ஆலயம் நிரம்பி, வாசல் படி வரை ஜனம். கடைசி வரிசையில், யூனிஃபார்மோடு, டூட்டிக்கு நடுவே அனுமதி வாங்கி வந்த அசோகன் எங்கே எழுந்து நிற்பது, எங்கே உட்காருவது என்று தெரியாமல் பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தான்.

வெஸ்ட்ரியில் டோரீன் அலமாரியைத் திறந்தாள். அவள் எழுதிய ஐந்து குரல் தாள்கள் புதிதாகத் தைத்து, பழுப்பு அட்டை போட்டு இருந்தன. எண் நாற்பத்துமூன்று. பசையும் சீட்டும் தயார். சபையின் வழக்கத்தை மீற அவளுக்கு மனம் இல்லை. புத்தகத்தைத் திருப்பி, பின் அட்டையின் அடி மூலையில், எந்த எழுத்தையும் மறைக்காத இடமாகப் பார்த்துச் சீட்டை ஒட்டினாள். கட்டை விரலால் அழுத்தினாள்.

"டோரீன், வரிசை கிளம்புது!" என்று மாஸ்டர் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் போய்த் தன் இடத்தில் நின்றாள்.